அடி எல்லார் முதுகிலும் விழுந்தது



இந்த மாதம் ஒரு சின்ன வேலை கொடுத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கப்போகிறேன். உங்கள் வீட்டில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் யாராவது இருந்தால், இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் பக்கத்தில் போய் உட்காருங்கள். "1986 மார்ச் 15ஆம் தேதி நீங்க எங்கே இருந்தீங்க?" என்று கேளுங்கள். முழிப்பார்கள். "நியூ வோர்ல்ட் ஹோட்டல் இடிஞ்சு விழுந்துச்சே, அன்னிக்கு" என்று சேர்த்துச் சொல்லுங்கள். முகம் மாறும். அப்புறம் அவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

"நானா? தோ பாயோவுல கோப்பிக்கடையில உட்கார்ந்திருந்தேன். டாக்சி ஓட்டுற ஒருத்தர் ஓடிவந்து சொன்னாரு." "எனக்கு ராத்திரி ஷிப்ட், தூங்கிக்கிட்டு இருந்தேன், அம்மா தட்டி எழுப்பினாங்க." "நான் கேம்பிலே இருந்தேன், லீவு எல்லாம் ரத்து பண்ணிட்டாங்க." ஒவ்வொருவரும் இப்படித்தான் சொல்வார்கள். நின்ற இடம், கையில் இருந்த பொருள், பக்கத்தில் இருந்த ஆள் எல்லாம் நினைவில் இருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் நமக்கே தெரியாது. நாற்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை மட்டும் எப்படி இவ்வளவு பளிச்சென்று இருக்கிறது? அந்தக் கட்டடத்தில் அவர்களுடைய சொந்தக்காரர் யாரும் இல்லை. பலர் அதற்குள் காலெடுத்து வைத்ததே இல்லை. ஆனாலும் மறக்கவில்லை. ஏன்? இதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

அன்று நடந்தது

உங்களில் பலர் அப்போது பிறக்கவே இல்லை. அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சேருகிற முனை. வீரமாகாளியம்மன் கோயிலிலிருந்து ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலுக்கு நடந்து போனால் வழியில் வரும் இடம். அங்கே லியன் யாக் கட்டடம் என்று ஆறு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. 1971ல் கட்டி முடித்தது. கீழே ஒரு பேங்க், அதற்கு மேலே ஒரு நைட் கிளப், அதற்கும் மேலே ஹோட்டல். ஹோட்டலின் பெயரே கட்டடத்துக்கும் பெயராகிவிட்டது.

1986 மார்ச் 15, சனிக்கிழமை. காலை பதினொன்றரை மணிக்குச் சற்று முன்பு அந்தக் கட்டடம் முழுசாக உட்கார்ந்துவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆறு மாடியும் ஒரு குவியல். உள்ளே இருந்தவர்களில் 33 பேர் இறந்துபோனார்கள். 17 பேரை உயிரோடு வெளியே எடுத்தார்கள்.

அந்தப் பதினேழு பேரை எடுத்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று நம் நாட்டில் இப்படிப்பட்ட மீட்புப் பணியில் பெரிய அனுபவம் யாருக்கும் கிடையாது. தீயணைப்புப் படை, குடிமைத் தற்காப்புப் படை, ராணுவம், போலீஸ் எல்லாரும் வந்தார்கள். அந்த நேரத்தில் எம்ஆர்டிக்குச் சுரங்கம் தோண்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த வேலையில் இருந்த வெளிநாட்டுச் சுரங்க நிபுணர்கள் சிலர் தாங்களாகவே முன்வந்தார்கள். பெரிய இயந்திரங்களை வைத்து மேலேயிருந்து இழுத்தால் உள்ளே உயிரோடு இருப்பவர்கள் மேல் எல்லாம் சரிந்துவிடும் என்று எச்சரித்தார்கள். பிறகு இடிபாட்டுக்குள் சின்னச் சின்னச் சுரங்கம் தோண்டி, வயிற்றால் ஊர்ந்து உள்ளே போனார்கள். எந்த நேரத்திலும் தங்கள் தலைமேலேயே விழலாம் என்று தெரிந்துதான் போனார்கள்.

அன்று தேசிய சேவையில் இருந்த ஒருவர், எனக்கு அண்ணன் மாதிரி, பிற்பாடு என்னிடம் சொன்னார். "தம்பி, கல்லும் மண்ணும் வாளியில கை மாத்தி கை மாத்தி வரும். என் முன்னாடி ஒரு சீனப் பையன், பின்னாடி ஒரு மலாய்க்காரர். பேர்கூடத் தெரியாது. திடீர்னு ஆபீசர் கையைத் தூக்குவாரு. எல்லாரும் அப்படியே நிப்போம். மெஷினை நிறுத்திடுவாங்க. மூச்சுச் சத்தம்கூடக் கேக்காது. கீழேயிருந்து ஏதாவது சத்தம் வருதான்னு கேக்குறாங்க. அந்த அமைதி இருக்கே, அதை நான் எந்தக் கோயில்லயும் கேட்டதில்லை."

அப்படிக் காதுகொடுத்துக் கேட்டதால்தான் மூன்று நாள் கழிந்த பிறகும் ஓர் உயிரை வெளியே கொண்டுவர முடிந்தது.

நான் இருந்த இடம்

எனக்கு அப்போது பதினான்கு வயது. வீட்டில் தனியாக இருந்தேன். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா காலையிலேயே பெருமாள் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். சனிக்கிழமைதோறும் பெருமாளுக்குத் துளசிமாலை வாங்கிச் சாத்துவது அவருடைய வழக்கம். போகும்போது தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டு அப்படியே சாலையோடு நடந்து போவார்.

மதியம் போன் அடித்தது. மாமா. "அக்கா வீட்டுல இருக்காங்களாடா?" "கோயிலுக்குப் போயிருக்காங்க மாமா." அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். சொல்லிவிட்டு, "போனை யாரும் தொடாதே, அக்கா பேசினாலும் பேசுவாங்க" என்று வைத்துவிட்டார்.

அன்றைக்குக் கைத்தொலைபேசி கிடையாது. குறுந்தகவல் கிடையாது. ரேடியோவை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, போனை மடிமேல் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். யாருக்காவது போன் பண்ணலாம் என்றால், அந்த நேரம் பார்த்து அம்மா அழைத்து லைன் கிடைக்காமல் போய்விட்டால்? அதனால் யாருக்கும் பண்ணவில்லை. அந்தப் போன் பச்சை நிறம். அதன் சுருள் வயரில் ஓரிடத்தில் டேப் சுற்றியிருந்தது. இன்றைக்கும் அது என் கண்ணுக்குத் தெரிகிறது.

அம்மா வீட்டுக்கு வரும்போது மணி நான்கு. புடவையெல்லாம் தூசி. காய்கறிப் பை கையில் இல்லை. "ஏம்மா, ஒரு போன் பண்ணக்கூடாதா?" என்று அழுதேன். அம்மா என்ன சொன்னார் தெரியுமா?

"ஒரு சீனத்தம்மா நின்னுக்கிட்டு இருந்தாங்கடா. அவங்க மக உள்ளே வேலை பாக்குதாம். என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அந்தக் கையை விட்டுட்டு எப்படிடா நான் போய்ப் போன் பண்றது?"

அம்மாவுக்குச் சீனம் தெரியாது. அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் தெரிந்தது சந்தையில் பேசுகிற கொஞ்சம் மலாய். மூன்று மணி நேரத்துக்கு மேல் அப்படியே நின்றிருக்கிறார்கள். பிறகு அந்த அம்மாவின் உறவினர்கள் வந்து கூட்டிப் போனார்களாம். அந்த மகள் பிழைத்தாளா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவே வரவில்லை. பெயரும் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அம்மா பெருமாள் சன்னதியில் எங்கள் எல்லார் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை முடித்ததும், கடைசியாக ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "யாருக்கும்மா?" என்றால், "அவங்களுக்கு" என்பார்.

இதுதான் எனக்குக் கிடைத்த முதல் சமய வகுப்பு என்று சொல்வேன்.

வந்தியின் பங்கு

பெருமாள் கோயிலில் நின்றவரைப் பற்றிச் சொல்லிவிட்டு இப்போது சிவபெருமான் கதைக்குப் போகிறேன். அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான், எனக்கும் அப்படித்தான்.

பிட்டுக்கு மண் சுமந்த கதை உங்களுக்குத் தெரியும். பாலர் வகுப்பில் படம் பார்த்திருப்பீர்கள். ஆனால் இன்று வேறு கண்ணோடு பார்ப்போம். இதை ஒரு நாட்டுக்கு வந்த பேரிடரின் கதையாகப் பாருங்கள்.

மதுரையில் வைகை பெருக்கெடுத்து வருகிறது. ஊரே முழுகிவிடும் நிலை. பாண்டியன் என்ன செய்கிறான்? கரையை அளந்து வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கிறான். வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும். அவரவர் பங்கை அவரவர் அடைக்க வேண்டும். இது நல்ல ஏற்பாடுதான். அன்றைய குடிமைத் தற்காப்பு என்றே சொல்லலாம்.

ஆனால் வந்தி என்று ஒரு பாட்டி. பிட்டு அவித்து விற்றுப் பிழைக்கிறவள். பிள்ளை குட்டி கிடையாது. அவளுக்கும் ஒரு பங்கு அளந்து விட்டிருக்கிறார்கள். அவளுக்காக மண் சுமக்க யார் போவது? கூலிக்கு ஆள் வைக்கவும் காசு இல்லை. சொக்கநாதரை நினைத்து அழுகிறாள்.

அப்போது ஓர் இளைஞன் தலையில் சும்மாடு, தோளில் மண்வெட்டியோடு வருகிறான். "உதிர்ந்த பிட்டைக் கூலியாத் தந்தா போதும் பாட்டி, உன் பங்கை நான் அடைக்கிறேன்" என்கிறான். யார் என்று அவளுக்குத் தெரியாது. எந்த ஊர் என்றும் தெரியாது. அவனும் சொல்லவில்லை.

கரைக்குப் போனவன் என்ன செய்தான்? கொஞ்சம் மண் கொட்டினான். ஆடினான், பாடினான், பிட்டைத் தின்றான், படுத்துத் தூங்கியும்விட்டான். வந்தியின் பங்கு மட்டும் அடைபடாமல் கிடக்கிறது. பாண்டியன் வந்து பார்த்துக் கோபத்தில் பிரம்பால் ஓங்கி ஓர் அடி கொடுத்தான். அந்த அடி பாண்டியன் முதுகிலேயே விழுந்தது. பக்கத்தில் நின்ற மந்திரி முதுகில் விழுந்தது. அரண்மனையில் இருந்த அரசி முதுகில் விழுந்தது. ஊரில் உள்ள எல்லார் மேலும், எல்லா உயிர் மேலும் விழுந்தது. கூலியாள் ஒரு கூடை மண்ணைக் கரையில் கொட்டிவிட்டு மறைந்துபோனான். வெள்ளம் அடங்கியது.

தம்பி தங்கைகளே, முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. 1986 மார்ச் 15ஆம் தேதி கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தவர் ஏன் இன்னும் அந்த நாற்காலியை மறக்கவில்லை? அடி சிராங்கூன் சாலையில் விழுந்தது. வலி தோ பாயோவில் இருந்தவருக்கு வந்தது, குவீன்ஸ்டவுனில் இருந்தவருக்கு வந்தது, கேம்பில் இருந்த பையனுக்கும் வந்தது. உடம்பில் அடி பட்டால் அந்த இடம் நமக்கு மறக்குமா? "நான் அப்போ எங்கே இருந்தேன் தெரியுமா?" என்று அவர்கள் சொல்லும்போது, தங்கள் முதுகில் விழுந்த தழும்பைத்தான் காட்டுகிறார்கள்.

எல்லா உயிருக்குள்ளும் ஒரே இறைவன் இருக்கிறான் என்று கூட்டு வழிபாட்டில் சொல்கிறோம். சொல்வது சுலபம். அது உண்மை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று யாராவது கேட்டால், நான் சாஸ்திரத்தைத் தேடமாட்டேன். இந்தத் தழும்பைக் காட்டுவேன்.

கடவுள் எங்கே இருந்தார்?

ஒரு பேரிடர் நடந்தால் உடனே இரண்டு பேச்சு வரும். ஒன்று, "அப்போ கடவுள் எங்கே போனார்? தூங்கிட்டாரா?" இன்னொன்று, "எல்லாம் அவங்கவங்க கர்மா."

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதைச் சொல்பவர்கள் நம் ஆட்கள். கர்மா என்பது மிக ஆழமான தத்துவம். என் செயலுக்கு நானே பொறுப்பு என்று எனக்குச் சொல்லித்தர வந்தது அது. அடுத்தவன் சாவை அளக்கும் அளவுகோலாக அதைப் பயன்படுத்த நமக்கு யாரும் உரிமை தரவில்லை. மகளைத் தேடிக்கொண்டு நிற்கிற ஒரு தாயிடம் போய், "உன் மகள் கர்மா" என்று சொல்வதற்குப் பக்தி வேண்டாம், கல்நெஞ்சம் இருந்தால் போதும். அந்த நேரத்தில் உன் கர்மா என்ன என்று மட்டும் பார். உன் முன்னால் ஒரு கை நீண்டிருக்கிறது. அதைப் பிடிப்பதுதான் உன் கர்மா.

இப்போது முதல் கேள்வி. கடவுள் தூங்கிட்டாரா? கதையைத் திரும்பப் பாருங்கள். கரையில் அவர் தூங்கத்தான் செய்தார்! நம் புராணத்துக்கு இந்தக் கேள்வியைக் கண்டு பயம் இல்லை. பாண்டியன் கேட்டதும் இதேதான். "உன் பங்கு அடைபடவில்லையே, நீ எங்கே இருந்தாய்?" அதற்கு இறைவன் வாதாடவில்லை. அடியை வாங்கிக்கொண்டார். பிறகு மண்ணைக் கொட்டினார்.

ஏன் 33 பேர் போனார்கள், ஏன் 17 பேர் பிழைத்தார்கள் என்று என்னிடம் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பதில் இருக்கிறது என்று சொல்பவரை நம்பவும் மாட்டேன். ஆனால் இறைவன் எங்கே இருந்தார் என்று கேட்டால், கதை காட்டும் இடத்தைக் காட்டுவேன். கரையில் இருந்தார், தலையில் மண்கூடையோடு. ஆளில்லாதவளின் பங்கில் நின்றார். கைக்குக் கை மாறிய வாளியில் இருந்தார். யாரோ எவரோ என்று தெரியாமல் வயிற்றால் ஊர்ந்து உள்ளே போனவர்களிடம் இருந்தார். அவர்களுக்கு அங்கே சொந்தம் யார்? வந்திக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்பது போலத்தான்.

கணக்கில் விட்டுப்போனது

பிறகு விசாரணைக் குழு அமைத்தார்கள். கட்டடம் ஏன் விழுந்தது?

மக்கள் பல காரணம் சொன்னார்கள். எம்ஆர்டி சுரங்கம் தோண்டியதால்தான் என்றார்கள். கேஸ் வெடித்திருக்கும் என்றார்கள். மட்டமான கான்கிரீட் என்றார்கள். ஒவ்வொன்றாக ஆராய்ந்து, இவை காரணம் இல்லை என்று ஒதுக்கினார்கள். கடைசியில் கண்டுபிடித்தது இதுதான். கட்டடத்தை வடிவமைத்தபோது, தூண்கள் தாங்கவேண்டிய பாரத்தைக் கணக்குப் போட்டார்கள் அல்லவா, அதில் உள்ளே வரப்போகிற ஆட்கள், சாமான்கள் பாரத்தைச் சேர்த்திருக்கிறார்கள். கட்டடத்தின் சொந்தப் பாரத்தைச் சேர்க்கவே இல்லை! பொறியாளர்கள் டெட் லோட் என்று சொல்வார்களே, அந்தச் சுவர், தளம், உத்தரம் எல்லாவற்றின் எடை. அது கணக்கில் விட்டுப்போயிருந்தது. கணக்குப் போட்டவர் தகுதி பெற்ற பொறியாளர்கூட இல்லை, வரைபடம் வரைபவர்.

அதற்கு மேல் பின்னாளில் பேங்க் பெட்டக அறை வந்தது, குளிர்சாதனம் வந்தது, வெளிச்சுவரில் ஓடு பதித்தார்கள். எல்லாம் கூடுதல் பாரம். ஆனால் அடிப்படைத் தவறு முதல் நாளிலேயே இருந்தது. 15 ஆண்டு அந்தக் கட்டடம் தன்னையே தாங்கமுடியாமல் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது. விழுவதற்கு முந்தைய நாட்களிலேயே சில தூண்கள் தளர்ந்துவிட்டன என்றும் தெரியவந்தது.

இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு மனிதர்களைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஓர் இளையருடைய பாரத்தை நாம் எப்படிக் கணக்குப் போடுகிறோம்? பரீட்சை, டியூஷன், இணைப்பாட நடவடிக்கை, பகுதிநேர வேலை. "இவ்வளவுதானே, தாங்குவான்" என்கிறோம். உள்ளே அவன் சுமப்பது? வீட்டில் அப்பா அம்மா பேசிக்கொள்வதில்லை. பாட்டிக்கு நினைவு தப்பிவிட்டது. ராத்திரி தூக்கம் வரவில்லை. தன்னைத் தனக்கே பிடிக்கவில்லை. இந்தச் சொந்தப் பாரம் யாருடைய கணக்கிலும் வருவதில்லை. வெளியே அழகான ஓடு பதித்திருக்கிறோம். இன்ஸ்டாகிராமில் சிரிக்கிறோம். உள்ளே ஒரு தூண் தளர்ந்துகொண்டிருக்கிறது.

தூண் தளரும்போது பெரிய சத்தம் வராது. சின்ன விரிசல்தான் வரும். வகுப்புக்குத் தவறாமல் வந்தவன் இரண்டு வாரமாக வரவில்லை. குழு அரட்டையில் எல்லாருக்கும் பதில் போடுகிறவள் திடீரென்று அமைதியாகிவிட்டாள். எதைக் கேட்டாலும் "ஓகேதான்" என்கிறான். "மூடு சரியில்ல போல, விடு" என்று நாம் போய்விடுகிறோம்.

அந்த ஆபீசர் கையைத் தூக்கியதும் எல்லா இயந்திரமும் நின்றதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் குரல் கேட்கவேண்டுமென்றால் முதலில் நம் சத்தம் அடங்கவேண்டும். தியானம் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்களே, அதற்கு ஒரு பயன் இது. உள்ளே அமைதியாக இருக்கப் பழகினவனுக்குத்தான் அடுத்தவன் மெல்லச் சொல்வது காதில் விழும். விழுந்ததும் புத்திமதி சொல்ல ஆரம்பித்துவிடாதீர்கள். பக்கத்தில் இருங்கள். தனியாகத் தாங்க முடியாத பாரம் என்றால் ஒரு பெரியவரிடமோ, பள்ளி ஆலோசகரிடமோ, மருத்துவரிடமோ கூட்டிப் போங்கள். ஊர்ந்து உள்ளே போகத் தெரிந்தவர்களை அன்று அழைக்கவில்லையா, அதுபோல. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

நினைவு மண்ணாக வேண்டும்

நம் பெரியவர்கள் மூன்று வைராக்கியம் சொல்வார்கள். பிரசவ வைராக்கியம், புராண வைராக்கியம், மயான வைராக்கியம். வலியில் ஒரு வைராக்கியம் வரும், சொற்பொழிவு கேட்கும்போது ஒரு வைராக்கியம் வரும், சுடுகாட்டில் ஒரு வைராக்கியம் வரும். மூன்றும் வீட்டுக்கு வந்து குளித்ததும் போய்விடும். பேரிடரும் அப்படித்தான். அன்று அழுவோம், மெழுகுவத்தி ஏற்றுவோம், முகநூல் படத்தை மாற்றுவோம். அடுத்த வாரம் மறந்துவிடுவோம். "அன்னிக்கு நான் எங்கே இருந்தேன் தெரியுமா" என்பது மட்டும் ஒரு கதையாக மிஞ்சும்.

கதையாக மட்டும் மிஞ்சினால் தழும்புக்குப் பயன் இல்லை. அது கரைக்குப் போகும் மண்ணாக மாறவேண்டும்.

நம் நாடு இதை ஓரளவு செய்து காட்டியிருக்கிறது. 1989ல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. கட்டட வடிவமைப்பை இன்னொரு தகுதி பெற்ற பொறியாளர் சுயேச்சையாகச் சரிபார்க்கவேண்டும் என்றானது. குடியிருப்புக் கட்டடங்களைப் பத்து ஆண்டுக்கு ஒரு முறையும், மற்றவற்றை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையும் சோதிக்கவேண்டும் என்றானது. உங்கள் புளோக்கில் பொறியாளர் வந்து சுவரைத் தட்டிப் பார்க்கிறார் என்றால், அந்த 33 பேருடைய நினைவும் அதில் இருக்கிறது.

அடுத்து 1990ல் குடிமைத் தற்காப்புப் படையில் டார்ட் என்ற சிறப்பு மீட்புக் குழுவை உருவாக்கினார்கள். அதே ஆண்டு பிலிப்பீன்சில் நிலநடுக்கம் வந்தபோது நம் வீரர்கள் போனார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு போனார்கள். 2015ல் நேப்பாளத்துக்கும் 2023ல் துருக்கிக்கும் போனார்கள். யோசித்துப் பாருங்கள். சிராங்கூன் சாலையில் இடிபாட்டுக்குள் எப்படிப் போவது என்று தெரியாமல் நின்ற ஒரு நாடு, பிற்பாடு அடுத்தவர் கரையில் மண் கொட்டப் போனது. நம் முதுகில் விழுந்த அடியை நாம் மறக்காததால்தான் அது நடந்தது.

இனி உங்கள் பங்கு.

"நாங்க அப்போ பிறக்கவே இல்லையே" என்பீர்கள். சரி. உங்களுக்கு என்று ஒரு நாள் இருக்கிறது. 2020 ஏப்ரல் 7, சர்க்கிட் பிரேக்கர் தொடங்கியது. அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்? வீட்டில், மடிக்கணினி முன்னால். கோயில் கதவு சாத்தியிருந்தது. 2021 தைப்பூசத்துக்குக் காவடி ஊர்வலமே இல்லை. அதே நேரத்தில் ஊழியர் விடுதிகளில் ஆயிரக்கணக்கான பேர் நோயோடு அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் அண்ணன்மார்! இங்கே அவர்களுக்கு வீடு இல்லை, அம்மா இல்லை. வந்திக்கு ஆள் இல்லாத மாதிரி. அன்று சில இளையர்கள் சிம் கார்டுக்குப் பணம் போட்டுக் கொடுத்தார்கள், தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள், போனில் பேசினார்கள். அவர்கள் வந்தியின் பங்கை அடைத்தவர்கள்.

இந்த மாதம் மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, பெரியவர்களிடம் "எங்கே இருந்தீங்க" என்று கேட்டு, அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். அவர்கள் போய்விட்டால் அந்தத் தழும்பைக் காட்ட ஆள் இருக்காது. இரண்டு, முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள். மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் முறை, ஏஇடி கருவியைப் பயன்படுத்தும் முறை இரண்டையும் பழகுங்கள். குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டர் செயலியைக் கைத்தொலைபேசியில் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பக்கத்தில் யாருக்காவது இதயம் நின்றுபோனால் அது உங்களைக் கூப்பிடும். ஆம்புலன்ஸ் வருகிற சில நிமிடங்கள்தான் உங்களுக்கு அளந்து விட்ட கரை. மூன்று, இரண்டு வாரமாக அமைதியாக இருக்கிற அந்த ஒருவர் யார் என்று உங்களுக்கே தெரியும். பெயர் இப்போதே மனத்தில் வந்திருக்கும். இதழை மூடிவைத்துவிட்டு அவரைக் கூப்பிடுங்கள். மற்ற இரண்டும் நாளைக்கு.

அடுத்த தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து பால்குடமோ காவடியோ எடுத்துப் புறப்படுவீர்கள். சில நிமிடத்தில் ஓவன் சாலை முனை வரும். இப்போது அங்கே வேறொரு ஹோட்டல் நிற்கிறது. உருமி மேளத்தில் பலருக்கு அந்த இடம் தெரியாமலே போய்விடும். உங்களுக்கு இனித் தெரியும். அந்த இடத்தில் ஓர் அடி மெதுவாக எடுத்து வையுங்கள். உங்கள் வேண்டுதலோடு, வேண்டிக்கொள்ள ஆள் இல்லாத ஒருவருடைய வேண்டுதலையும் சேர்த்துச் சுமந்து போங்கள். தோள் வலிக்காது. நம் சாமியே பிறர் பாரத்தைச் சுமந்த சாமிதான்.

திருச்சிற்றம்பலம்.